டீ கிளாஸும் கணுக்காலும்

தம்பி, குடித்து முடித்த அந்த டீ கிளாஸின் வாய்ப்பக்கத்தைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பிடி. இறுக்கமாக இருக்கிறதா? விரல் இடைவெளியை மாற்றாமல் அடிப்பக்கம் இறக்கிப் பார். கிளாஸ் ஆடுகிறது. போன மாதம் கபடியில் ரெய்டு போன இடத்தில் உன் கால் மடங்கியதும் இதனால்தான்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் இறங்கி வருகின்றன. கணுக்காலின் இருபுறமும் குமிழாகப் புடைத்திருப்பது அவற்றின் நுனி. அவைதான் இந்த இரண்டு விரல்கள். இடையில் மாட்டியிருக்கும் எலும்புக்கு டேலஸ் என்று பெயர். உடம்பின் பாரம் முழுக்க அதன்மேல் இறங்கித்தான் பாதத்துக்குப் போகிறது. அப்படியிருந்தும் ஒரு தசைகூட அதில் ஒட்டியிருக்கவில்லை. எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு இது ஆச்சரியம்தான். அதன் முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதத்தை மேலே மடக்கினால் அகலமான பக்கம் வந்து இறுகிக்கொள்ளும். விரல்நுனி தரையைப் பார்க்க நீட்டினால் குறுகலான பக்கம் வரும், பிடி தளரும். தாவி இறங்கும்போது பாதம் அப்படித்தானே இருக்கிறது?

சரி, ஏன் உள்பக்கமாகவே மடங்குகிறது? குமிழ்களைத் தொட்டுப் பார். வெளிப்பக்கத்துக் குமிழ் சற்றுக் கீழே இறங்கி அணைபோல நிற்கிறது. உள்பக்கம் அந்த அணை இல்லை. எலும்புகளைப் பிணைக்கும் நாரான லிகமென்ட், உள்பக்கத்தில் விசிறிபோல அகன்றது, வலுவானது. வெளிப்பக்கத்தில் தனித்தனியாக மூன்று பட்டைகள். முன்னால் இருப்பதுதான் நோஞ்சான். பெரும்பாலும் முதலில் கிழிவது அதுதான்.

நரம்பு பிசகிவிட்டது என்று எண்ணெய் போட்டு உருவினார்களே, அது வேண்டாம். கிழிந்த நாரை அன்றே அழுத்தித் தேய்த்தால் வீக்கம்தான் கூடும். இனி மடங்கினால் துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வை, காலை உயர்த்திப் படு. 4 அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டாலோ, குமிழின் பின்விளிம்பில் எலும்பைத் தொட்டாலே வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. பாதம் எவ்வளவு சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அந்த லிகமென்ட்டுக்குள்ளும் இருக்கின்றன. நார் கிழிந்தால் அந்தச் சேதியும் தடுமாறும். வலியும் வீக்கமும் போன பிறகும் அது தானாகச் சரியாகிவிடுவதில்லை. கால் சாயும்போது வெளிப்பக்கம் இழுத்து நிறுத்த வேண்டிய கெண்டைக்கால் தசைகளும் பிந்திவிடுகின்றன. ஒருமுறை மடங்கிய கால் திரும்பத் திரும்ப மடங்குவது இப்படித்தான். ஆகவே பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நில். பழகியபின் தலையணைமேல் நில்; அப்புறம் சுவரோரமாகக் கண்ணை மூடி நில். சில வாரம் விடாமல் செய். களத்துக்குத் திரும்பும்போது கணுக்கால் பட்டை கட்டிக்கொள்.

இப்போதே எழுந்திரு. முதலில் நல்ல காலில் நில், நான் எண்ணுகிறேன். பிறகு அடிபட்ட கால். பாதம் நடுங்குகிறதா, பார்.