ஒரு கணினியில் இரு இயங்குதளங்கள்

கணினியை வாங்கியோர் பலர், அதனோடு வந்த இயங்குதளமே அக்கணினியின் உயிர் என்று கருதுகின்றனர். அஃது உண்மையன்று. இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகளை ஆளும் ஒரு மென்பொருளே. அதனை நீக்கி வேறொன்றை அமர்த்தலாம். இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொள்ளவும் செய்யலாம்.

இதனை அறிந்துகொள்ள வேண்டிய தேவை இப்பொழுது பல வீடுகளில் எழுந்துள்ளது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்குரிய பொது ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அடுத்ததாகிய விண்டோஸ் 11-ஓ, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் குறிப்பிட்ட செயலி வகைகளையும் வேண்டுகின்றது. ஆதலின், பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் பல அதற்குத் தகுதி பெறுவதில்லை.

இத்தகைய கணினியை உடைய தமிழாசிரியர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸை நிறுவிக்கொண்டால் கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். ஆயின், அவர் பல்லாண்டுகளாகத் தட்டச்சிட்டுச் சேர்த்த வினாத்தாள்களும் பாடக்குறிப்புகளும் ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் உள்ளன. அந்நாளைய தட்டச்சு மென்பொருள்களுள் பல விண்டோஸில் மட்டுமே இயங்குவன. லினக்ஸும் வேண்டும், விண்டோஸையும் விடுதற்கில்லை. இந்நிலையில் அவர்முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று இரட்டைத் தொடக்கம். இதனை ‘டூயல் பூட்’ என வழங்குவர். மற்றொன்று மெய்நிகர்க் கணினி. இதனை ‘விர்ச்சுவல் மெஷின்’ என்பர்.

இவ்விரண்டின் வேறுபாட்டை ஆசிரியர்கள் எளிதில் உணரலாம். ஒரே கட்டடத்தில் காலைப்பள்ளி, மாலைப்பள்ளி என இரண்டு நடப்பதுண்டு. காலையில் நடக்கும் பள்ளிக்கு அறைகள் அனைத்தும் உரியவை. அது கலைந்த பின்னரே மற்றது தொடங்கும். இஃது இரட்டைத் தொடக்கம். ஒரு மண்டபத்தின் மூலையைத் தட்டியால் மறைத்து, அங்கே ஒரு சிறு வகுப்பை நடத்துவதும் உண்டு. இரண்டும் ஒரே வேளையில் நடக்கும். ஆனால் இடமும் காற்றும் வெளிச்சமும் பங்கிடப்படும். இது மெய்நிகர்க் கணினி.

இரட்டைத் தொடக்கம் இயங்கும் முறை

கணினியின் மின்விசையை அழுத்தியவுடன் முதலில் விழிப்பது, தாய்ப்பலகையில் பதிந்துள்ள யு.இ.எப்.ஐ. என்னும் அடிப்படை நிரல். அது வட்டின் ஒரு சிறு பகுதியில் உள்ள தொடக்க நிரலைத் தேடி எடுத்து இயக்குகின்றது. விண்டோஸ் மட்டும் உள்ள கணினியில் அந்நிரல் நேரே விண்டோஸை எழுப்பும். லினக்ஸையும் நிறுவினால், ‘கிரப்’ எனப்படும் தொடக்க நிரல் வந்தமர்ந்து, எதனைத் தொடங்குவது என்று ஒரு பட்டியலைக் காட்டும். தேர்ந்தெடுத்தது எழும், மற்றது வட்டில் உறங்கும்.

எழுந்த இயங்குதளத்திற்குச் செயலி, ரேம், திரைவரைவி ஆகிய யாவும் முழுமையாகக் கிடைக்கும். வேகத்தில் குறை ஏற்படாது. குறைந்த ரேம் உள்ள பழைய கணினிக்கு இது பெரும் நன்மை. குறை யாதெனின், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லக் கணினியை மீண்டும் தொடங்க வேண்டும் என்பதே. ஒரு பழைய வினாத்தாளிலிருந்து இரண்டு வரிகளை எடுப்பதற்காக நடந்துகொண்டிருக்கும் வேலை அனைத்தையும் மூடிவைக்க நேரும்.

வேறு சில இடர்களும் உள. விண்டோஸ், கணினியின் உட்கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாகக் கொள்ளும். லினக்ஸோ உலகப் பொது நேரம் இருப்பதாகக் கொள்ளும். மலேசியாவும் சிங்கப்பூரும் பொது நேரத்திற்கு 8 மணி முந்தியவை. ஆதலின், லினக்ஸைப் பயன்படுத்திவிட்டுக் காலை 10 மணிக்கு விண்டோஸைத் தொடங்கினால் அதிகாலை 2 மணி என்று காட்டக்கூடும். கணினி கெட்டுவிட்டதோ என அஞ்ச வேண்டுவதில்லை. லினக்ஸையும் உள்ளூர் நேரத்தைக் கொள்ளுமாறு அமைத்துவிட்டால் போதும்.

விண்டோஸில் உள்ள ‘விரைவுத் தொடக்கம்’ என்னும் வசதி இதனினும் கவனத்திற்குரியது. அது கணினியை முற்றிலும் அணைக்காமல், தன் நிலையை வட்டில் எழுதி வைத்து உறங்குகின்றது. அவ்வேளையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியில் எழுத முயன்றால் கோப்புகள் சிதைய இடமுண்டு. எனவே இவ்வசதியை முதலிலேயே நிறுத்திவைத்தல் நலம். அன்றியும், ஓர் இயங்குதளத்தின் திருத்தம் மற்றதன் தொடக்கத்தைத் தடுத்துவிடுவதும் உண்டு. 2024 ஆகஸ்டு மாதத்தில் வெளிவந்த விண்டோஸ் பாதுகாப்புத் திருத்தம் ஒன்றினால், இரட்டைத் தொடக்கம் உடைய கணினிகள் பலவற்றில் லினக்ஸ் தொடங்காமற் போயிற்று.

மெய்நிகர்க் கணினி இயங்கும் முறை

மெய்நிகர்க் கணினி புதிய கருத்தன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960-களிலேயே, அமெரிக்க நாட்டுக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த தம் ஆய்வு நிலையத்தில் இதனை உருவாக்கினர், 1972-இல் வி.எம்.370 என்னும் பெயரில் விற்பனைக்கும் அறிவித்தனர். ஒரு பெரிய கணினியைப் பலர் தத்தமக்கெனத் தனிக் கணினி இருப்பதுபோல் பயன்படுத்த அஃது உதவிற்று. 1999-இல் வி.எம்.வேர் நிறுவனம் இவ்வசதியை மேசைக் கணினிக்குக் கொணர்ந்தது. 2005-இல் இன்டெல் நிறுவனமும் 2006-இல் ஏ.எம்.டி. நிறுவனமும் தம் செயலிகளிலேயே இதற்கெனத் தனி ஆற்றலைச் சேர்த்த பின்னர், இது வீட்டுக் கணினிக்கும் எளிதாயிற்று.

வழக்கமான இயங்குதளத்தின் மேல் வர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒரு மென்பொருளை முதலில் நிறுவ வேண்டும். அது செயலி, நினைவகம், வட்டு யாவும் உடைய ஒரு கணினிபோல் நடிக்கும். அதனுள் நிறுவப்படும் இயங்குதளம், தான் மெய்யான கணினியில் இருப்பதாகவே கருதி இயங்கும். வெளியே உள்ளதை விருந்தோம்பி என்றும் உள்ளே உள்ளதை விருந்தினர் என்றும் கூறலாம். விருந்தினருக்கு வட்டாகத் தோன்றுவது, விருந்தோம்பியின் வட்டில் ஒரு பெரிய கோப்பேயாகும். அக்கோப்பைப் படியெடுக்கலாம், வேண்டாவிடில் நீக்கலாம். ஒரு நிலையைப் பதிந்து வைத்துக்கொண்டு, உள்ளே எதனையேனும் கெடுத்துவிட்டால் அந்நிலைக்கே திரும்பலாம். கற்போர்க்கு இதனினும் பாதுகாப்பான பயிற்சிக்களம் அரிது.

இதற்குத் தரவேண்டிய விலை நினைவகமாகும். உபுண்டு 24.04 என்னும் லினக்ஸ் வெளியீட்டிற்கு 4 கிகாபைட் ரேமும் 25 கிகாபைட் வட்டிடமும் தேவை என அதனை வெளியிட்டோரே பரிந்துரைத்துள்ளனர். கணினியில் இருப்பதே 4 கிகாபைட் எனின், இருவரும் ஒரே இலையில் உண்ண முயல்வதுபோலாகும். இருவர் வயிறும் நிறையாது. 8 கிகாபைட் இருந்தால் எளிய வேலைகளைச் செய்யலாம். 16 இருந்தால் நெருக்கடியின்றி இயங்கும். திரைவரைவியின் முழு ஆற்றலும் பொதுவாக விருந்தினருக்குக் கிடைப்பதில்லை. ஆதலின் காணொளித் தொகுப்புக்கும் விளையாட்டுகளுக்கும் இம்முறை ஏற்றதன்று.

யார் விருந்தோம்பி?

மெய்நிகர்க் கணினியை நாடுவோர் பெரும்பாலும் வேகத்தையும் வசதியையுமே ஆராய்கின்றனர். ஆதரவு முடிந்த இயங்குதளத்தை வைத்திருப்போர் முதலில் ஆராய வேண்டியது வேறொன்று: எது வெளியே நிற்பது, எது உள்ளே இருப்பது என்பதே அது.

விண்டோஸ் 10-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, அதனுள் லினக்ஸை மெய்நிகர்க் கணினியாக அமைத்துவிட்டு, ‘இனிப் பாதுகாப்பாக இருக்கின்றோம்’ என எண்ணுதல் தவறு. விசைப்பலகையில் அடிக்கப்படும் ஒவ்வோர் எழுத்தும் விருந்தோம்பியின் வழியாகவே உள்ளே செல்கின்றது, திரையும் அதனுடையதே. வெளிவீட்டின் கதவு பழுதாயிருக்க, உள்ளறைக்குப் புதுப்பூட்டு இடுவதால் பயன் சிறிது. வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை உள்ளே அடித்தாலும், வெளியே புகுந்த தீநிரல் அதனைக் கவர்ந்துகொள்ள இயலும்.

இதனை மாற்றி அமைத்தால் நிலைமை வேறாகின்றது. லினக்ஸைக் கணினியின் மெய்யான இயங்குதளமாக நிறுவி, பழைய விண்டோஸை உரிய உரிமத்தோடு அதனுள் விருந்தினராக வைத்து, அவ்விருந்தினருக்கு இணையத் தொடர்பே தராமல் விட்டுவிடலாம். பழைய தட்டச்சு மென்பொருளுக்கு இணையம் வேண்டுவதில்லை. பழைய பாடக்குறிப்புகளைத் திறந்து, ஒருங்குறிக்கு மாற்றி, பகிர்வுறையின் வழியே வெளியே எடுத்துக்கொள்ளலாம். இரட்டைத் தொடக்கத்திற்கும் இதே நெறி பொருந்தும்: மின்னஞ்சலும் வங்கி வேலையும் லினக்ஸில், விண்டோஸைத் தொடங்கும் வேளையில் இணையத்தைத் துண்டித்துவிடல் வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்தால் முடிவு எளிதாகும்.

1. ரேம் 4 கிகாபைட் அளவினதாயின் இரட்டைத் தொடக்கமே ஏற்றது.

2. ரேம் 8 கிகாபைட்டோ அதற்கு மேலோ இருந்து, விண்டோஸால் ஆக வேண்டியது சில சிறு வேலைகளே எனின், லினக்ஸினுள் விண்டோஸை மெய்நிகர்க் கணினியாக வைத்துக்கொள்வது நன்று.

3. திரைவரைவியின் முழு ஆற்றலும் வேண்டும் வேலைகள் இரு இயங்குதளங்களிலும் இருப்பின், இரட்டைத் தொடக்கம் வேண்டும்.

4. கணினியில் ஆதரவுள்ள விண்டோஸ் 11 இருந்து, லினக்ஸைக் கற்பதே நோக்கமாயின், அதனுள்ளேயே மெய்நிகர்க் கணினியை அமைத்துப் பழகலாம். வட்டைப் பிரிக்க வேண்டுவதில்லை.

எவ்வழியாயினும், லினக்ஸ் தம் கணினிக்குப் பொருந்துமா என்பதை முன்னரே சோதித்தல் வேண்டும். லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கிப் பார்க்கலாம். நிறுவுதலைத் தேராதவரை வட்டில் உள்ளதை அது மாற்றுவதில்லை. கம்பியில்லா இணையமும் ஒலியும் அச்சுப்பொறியும் இயங்குகின்றனவா என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.

முதற்கடமை

வட்டைப் பிரிக்கும் வேலையில் ஒரு தவறான அழுத்தம், இருபது ஆண்டு உழைப்பை ஒரு நொடியில் அழித்துவிடும். எனவே முதற்கடமை காப்புப்படி எடுத்தலே. படிகள் இரண்டு வேண்டும். அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருத்தல் நன்று. எடுத்த படியை வேறொரு கணினியில் திறந்து பார்த்தாலன்றி அதனைக் காப்பு என்று நம்புதல் கூடாது. வட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருந்தால், தொடக்க முறை மாறியவுடன் அது 48 இலக்க மீட்புக் குறியைக் கேட்கக்கூடும். அக்குறியை முன்னரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும். மடிக்கணினியாயின் மின்னிணைப்பில் வைத்தே வேலையைத் தொடங்க வேண்டும்.

கணினி பழுதானால் மற்றொன்றை வாங்கிவிடலாம். ஓர் ஆசிரியர் தம் மாணவர்க்கென ஆண்டுதோறும் திருத்தித் திருத்தி எழுதிய குறிப்புகள் எக்கடையிலும் கிடைப்பதில்லை. எந்த வழியைத் தேர்ந்தாலும், அக்குறிப்புகளைப் பத்திரப்படுத்திய பின்னரே இயங்குதளத்தின்மேல் கை வைத்தல் அறிவுடைமையாகும்.