ஃபெமினிசம் என்னும் சொல்லுக்கு உரியவர் யார்?

பெண் ஆணுக்குக் கட்டுப்பட்டவள் என்று விதித்துவைத்திருக்கும் ஏற்பாட்டை எதிர்க்கும் கொள்கைக்கு ஆங்கிலேயர் வழங்கும் ‘ஃபெமினிசம்’ என்ற பெயர், அவர்கள் 1890-களில் பிரெஞ்சு பாஷையிலிருந்து வாங்கிக்கொண்டதாகும். 1851-லேயே அதே உருவில் ஆங்கிலத்தில் ஒரு பிரயோகம் உண்டெனினும், அது பெண்ணின் சுபாவத்தைக் குறித்ததேயன்றி உரிமையைக் குறித்ததன்று.

இச்சொல்லை 1837-இல் படைத்தவர் சார்ல்ஸ் ஃபூரியே என்னும் தத்துவஞானி என்று புத்தகத்துக்குப் புத்தகம் எழுதிவருகிறார்கள். ஸ்திரீகளின் உரிமை பெருகுவதே சமூக முன்னேற்றத்துக்கு மூலம் என்று 1808-இல் எழுதிய அவருடைய பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அவருடைய நூல்களைத் துருவிப் பார்த்த சரித்திராசிரியர்களுக்கு அச்சொல் அங்கே அகப்படவில்லை.

அகப்பட்ட இடமோ வைத்தியசாலை. 1871-இல் ஒரு பிரெஞ்சு வைத்திய மாணவர், க்ஷயரோகத்தால் தாடி சரிவர வளராமல், தேகம் மென்மையாகிப் பெண்சாயல் பெற்ற ஆண் நோயாளிகளின் நிலைக்கு அப்பெயரைச் சூட்டினார். மறுவருஷமே நாடகாசிரியர் இளைய அலெக்ஸாந்தர் துய்மா, பெண்களுக்காகப் பரிந்து பேசுவோரை ‘ஃபெமினிஸ்ட்’ என்று இளக்காரமாக எழுதினார். வியாதியாகப் பிறந்து வசையாக வளர்ந்த அச்சொல்லை 1882-இல் தமக்குரிய பெயராக எடுத்து அணிந்துகொண்டவர் உபெர்த்தின் ஓக்ளேர் என்னும் மாது.

வாக்குரிமை இல்லாதவளிடம் வரி கேட்பது என்ன நியாயம் என்று 1880-இல் வரி கட்ட மறுத்து, மறுவருஷம் ‘குடிமகள்’ என்று பொருள்படும் பெயரில் பத்திரிகை தொடங்கி, 1908-இல், அறுபது வயதில், பாரிஸ் வாக்குச்சாவடிக்குள் நுழைந்து வாக்குப் பெட்டியையே கவிழ்த்துவிட்ட அவர், 1914-இல் காலமானார். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1944-இல்.

சொல்லை யார் படைத்தால் என்ன, கொள்கையல்லவா முக்கியம் என்பார் சிலர். எனக்கோ அது மனத்தை உறுத்துகிறது. பெண்ணுக்குரியதைப் பெண்ணுக்குக் கொடு என்று கேட்கும் சொல்லின் பெருமையைக்கூட, ஆதாரமின்றி ஓர் ஆணின் பெயரில் வரவு வைத்து, அதற்காக வசை சுமந்தவளைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுகிறோமே!