பழைய டீசல் லாரியின் குளிர்விப்பு அமைப்பும் அதன் பராமரிப்பும்

டீசல் லாரியின் குளிர்விப்பு அமைப்பு என்பது, எஞ்சினில் உண்டாகும் மிகுதியான வெப்பத்தைத் தண்ணீரின் வழியாக வெளியே கொண்டுசென்று காற்றில் கலந்துவிடும் ஏற்பாடு ஆகும். பழைய லாரிகள் வழியில் சூடேறி நின்றுபோவதற்கு, இவ்வமைப்பினுள் படியும் சுண்ணாம்பும் துருவும் முக்கியக் காரணங்களாகும். இவற்றை நீக்குவதற்காகச் செய்யப்படும் பணி 'ரேடியேட்டர் கழுவுதல்' அல்லது 'ஃப்ளஷ் செய்தல்' எனப்படுகிறது.

பின்னணி

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய டீசல் லாரிகளில் இரண்டு வகைகள் குறிப்பிடத்தக்கவை. 1948இல் தொடங்கப்பட்டு 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிய நிறுவனம், சென்னையை அடுத்த எண்ணூரில் காமெட் வகை லாரிகளைத் தயாரித்தது. டாடா நிறுவனம் 1954 முதல் டெய்ம்லர் பென்ஸ் நிறுவனத்துடன் இணைந்து ஜாம்ஷெட்பூரில் லாரிகளைத் தயாரித்தது. இவற்றின் வார்ப்பிரும்பு எஞ்சினும், செம்பு-பித்தளை ரேடியேட்டரும் பழுது பார்த்துப் பார்த்துப் பயன்படுத்தத் தக்கவை.

திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணிக்கும் சோளிங்கருக்கும் இடைப்பட்ட ஆர்.கே.பேட்டை வட்டாரம் இத்தகைய லாரிகளுக்குக் கடினமான இடம். கோடையில் திருத்தணிப் பகுதியின் வெப்பநிலை 40 டிகிரி செல்சியசைக் கடப்பது வழக்கம். கரும்பு ஏற்றிய லாரி கிராமச் சாலையில் மெதுவாகவே செல்ல முடியும் என்பதால், ரேடியேட்டரின் மீது எதிர்க்காற்று போதிய அளவு படுவதில்லை. இது பாறைப்பாங்கான நிலம். இத்தகைய நிலத்தின் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீராகவே இருக்கும்.

அமைப்பும் செயல்பாடும்

எரியும் டீசலின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மீதி வெப்பத்தில் ஒரு பகுதி புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பகுதியைக் குளிர்விப்பு அமைப்பு வெளியேற்ற வேண்டும்.

தண்ணீர் பம்ப், சிலிண்டர்களைச் சுற்றியுள்ள நீரறைகளில் தண்ணீரைச் சுழலச் செய்கிறது. சூடான தண்ணீர் ரேடியேட்டரின் மேல்தொட்டிக்கு வந்து, மெல்லிய குழாய்களின் வழியே கீழிறங்கும்போது, விசிறி இழுக்கும் காற்றால் குளிர்ந்து மீண்டும் எஞ்சினுக்குச் செல்கிறது. இடையில் இருக்கும் தெர்மோஸ்டாட், எஞ்சின் ஏறத்தாழ 80 டிகிரியை எட்டும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கிறது.

ரேடியேட்டர் மூடியில் ஒரு சுருள்வில் உள்ளது. அது உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைப்பதால் தண்ணீரின் கொதிநிலை உயர்கிறது. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் நீர், 50 கிலோபாஸ்கல் கூடுதல் அழுத்தத்தில் 111 டிகிரி அளவில்தான் கொதிக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டெனக் குறைந்து, உள்ளிருக்கும் நீர் அந்தக் கணமே கொதித்துப் பீறிடும். முகமும் கையும் வெந்துபோகும் விபத்துகள் இப்படித்தான் நேர்கின்றன.

கடினநீரும் படிவும்

கடினநீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். சூடாகும்போது அது கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. வெந்நீர்ப் பானையின் அடியில் காணப்படும் வெள்ளைப் படிவும் இதுவே. சோப்பு எளிதில் நுரைக்காத தண்ணீர் எஞ்சினுக்கு ஆகாது என்பது எளிய சோதனை.

இப்படிவின் வெப்பம் கடத்தும் திறன் வார்ப்பிரும்பின் திறனில் இருபதில் ஒரு பங்கு அளவே. எனவே ஒரு மில்லிமீட்டர் படிவுகூட வெப்பத்தைப் பெருமளவு தடுத்துவிடும். தண்ணீர் அளவாகச் சூடாகியிருப்பதாக மீட்டர் காட்டும்போதே, படிவுக்குப் பின்னால் உள்ள உலோகம் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கக்கூடும்.

கசிவில்லாத லாரியில் ஒருமுறை ஊற்றிய நீரே திரும்பத் திரும்பச் சுழல்வதால், அதிலுள்ள சுண்ணாம்பு ஒருமுறை மட்டுமே படியும். எடுத்துக்காட்டாக, லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை கொண்ட நீர் 20 லிட்டரில் 6 கிராம் சுண்ணாம்பே இருக்கும். மூடி பழுதாகி நாள்தோறும் 5 லிட்டர் ஆவியாகிப் போக, அதே நீரை ஊற்றி ஈடுசெய்தால், நாளுக்கு 1.5 கிராம் வீதம் 300 நாளில் 450 கிராம் உள்ளே சேரும். அத்தனையும் கல்லாகப் படியாவிட்டாலும், மெல்லிய குழாய்களை அடைக்க அது போதுமானது. ஆகவே கசிவையும் மூடியையும் சரிசெய்யாமல் ரேடியேட்டரை மட்டும் கழுவுவதால் பயன் நீடிக்காது.

கழுவும் முறை

1. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

2. ரேடியேட்டரின் அடியிலுள்ள வடிகுழாயோடு, எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டிலுள்ள வடிதிருகையும் திறக்க வேண்டும். இதைத் திறக்காவிட்டால் சேறும் அழுக்குநீரும் எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிடும்.

3. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, அதன் உறையை மட்டும் திரும்பப் பூட்டி, நல்ல தண்ணீர் நிரப்பிப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு வடிக்க வேண்டும். வடியும் நீர் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்யலாம்.

4. படிவு இருந்தால், லிட்டருக்கு 50 கிராம் அளவில் சிட்ரிக் அமிலம் கரைத்த நீரை நிரப்பி, எஞ்சின் சூடான பின் அரை மணி நேரம் ஓடவிட்டு, ஆறவைத்து வடிக்க வேண்டும். தண்ணீரில் எண்ணெய் கலந்திருந்தால், முதலில் அதற்குரிய சோப்புக் கரைசலால் எண்ணெயை நீக்க வேண்டும்.

5. ஓஸ்களைக் கழற்றி, ரேடியேட்டரில் கீழிருந்து மேலாகத் தண்ணீரைச் செலுத்த வேண்டும். வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் செல்லும் நீர், சிக்கிய துகள்களைத் தள்ளிவிடும். அழுத்தம் மிகுந்தால் பற்றவைப்பு பிளந்துவிடும் என்பதால் குறைந்த அழுத்தமே போதும்.

6. அமிலம் சிறிதும் தங்காதபடி மூன்று நான்கு முறை அலச வேண்டும்.

7. தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் தொங்கவிட்டு, அதில் குறித்துள்ள வெப்பநிலையில் திறக்கிறதா எனப் பார்த்துத் திரும்பப் பொருத்த வேண்டும். ஓஸ், மூடியின் ரப்பர், விசிறி பெல்ட் ஆகியவற்றையும் இப்போதே பார்த்துவிடலாம்.

8. தயாரிப்பாளர் கூறும் விகிதத்தில் கூலண்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் கலந்து மெதுவாக நிரப்ப வேண்டும். மூடியைப் போடாமல் எஞ்சினை மெல்ல ஓடவிட்டால், சிக்கிய காற்று குமிழிகளாக வெளியேறும். அளவு குறைந்தால் நிரப்பி மூட வேண்டும்.

கூலண்ட்டின் பயன் குளிர்நாடுகளில் உறையாமல் காப்பது மட்டுமே என்ற எண்ணம் தவறு. அதிலுள்ள துருத்தடுப்பிகள் வெப்பமான ஊர்களுக்கும் தேவை. நீர் நேரடியாகப் படும் சிலிண்டர் லைனர்களில் அதிர்வினால் ஊசித்துளைகள் விழாமல் காப்பதும் அவையே.

பொதுவான தவறுகள்

கோடையில் சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டை நிரந்தரமாகக் கழற்றிவிடுவது பலரின் வழக்கம். இதனால் எஞ்சின் உரிய வெப்பத்தை எட்டத் தாமதமாகி, டீசல் செலவும் லைனர் தேய்மானமும் கூடும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டே பக்கவழியை அடைக்கும் கதவாகவும் இருப்பதால், அது இல்லாதபோது சூடான நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பக்கவழியில் திரும்பி, சூடு முன்பைவிட அதிகமாகலாம்.

சூடேறி நின்ற எஞ்சினில் உடனே குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வெடிப்பு விடக்கூடும். ஒரு லாரியை நம்பிப் பிழைக்கும் உரிமையாளருக்கு இது பல நாள் வருமான இழப்பு. அரை மணி நேரம் காத்திருந்தால் தவிர்க்கக்கூடியது. கடையில் விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிக் கழுவுவதும் ஆபத்தானது. அது சுண்ணாம்போடு இரும்பையும் பற்றவைப்பையும் சேர்த்து அரிக்கும்.

கழுவிய பின்னும் சூடு குறையாமல், மேல்தொட்டியில் தொடர்ந்து குமிழி வந்தாலோ, எஞ்சின் ஆயில் பால்போல் வெளுத்தாலோ, பழுது ஹெட் கேஸ்கட்டில் இருக்கலாம். அதை மெக்கானிக்கே பார்க்க வேண்டும்.

கழிவுநீர்

கூலண்ட்டின் முதன்மைப் பொருளான எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. தரையில் தேங்கினால் மாடும் நாயும் நக்கிக் குடிக்கும். சிறிதளவே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து உயிரைப் போக்கிவிடும். எனவே வடியும் நீரை அகலமான பாத்திரத்தில் பிடித்து, மூடிய கேனில் அடைத்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பணிமனையில் கேட்டு ஒப்படைக்க வேண்டும். கிணறு, ஏரி, வயல், கால்வாய் ஆகியவற்றில் ஊற்றக்கூடாது. குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதும் கூடாது. குழந்தைகள் தவறிக் குடித்துவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.