பெட்ரோலும் மலைப்பாதையும்

கள்ளக்குறிச்சியில் நின்று மேற்கே நோக்கினால், அடிவானத்தில் கல்வராயன் மலைத்தொடர் நீலத்திரை விரித்தாற்போலத் தோன்றும். கச்சிராயபாளையத்தைக் கடந்ததும் சமவெளி முடிந்துவிடுகிறது. அங்கிருந்து வெள்ளிமலைக்குச் செல்லும் பாதை, வளைந்து வளைந்து மேலேறுகிறது. சில மாதங்களுக்கு முன் வெள்ளிமலையில் நிகழ்ந்த ஒரு விழாவிற்குச் சென்றுவிட்டு, மாலையில் வாடகைக் காரில் இறங்கிக் கொண்டிருந்தேன். காரை ஓட்டியவன் முன்னொரு காலத்தில் என்னிடம் படித்தவன். இறக்கம் தொடங்கியதும் அவன் கியரை எடுத்து வண்டியை நியூட்ரலில் விட்டான்.

“என்னப்பா, கியரை எடுத்துவிட்டாயே?” என்றேன்.

“இறக்கந்தானே, சார்! நியூட்ரலில் விட்டால் பெட்ரோலே செலவாகாது” என்றான்.

முக்கால் பங்கு வழி இறங்கியிருப்போம். ஏதோ தீய்ந்த நாற்றம் மூக்கில் ஏறியது. பிரேக்கை மிதித்தால், மிதி வழக்கத்தினும் ஆழமாக உள்ளே போவதாக அவன் கூறினான். அவன் முகம் வெளுத்திருந்தது. நல்லவேளையாக, அவ்விடத்தில் பாதை சற்றே சமமாக இருந்தது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, ஒரு புளியமரத்தடியில் ஏறக்குறைய முக்கால் மணிநேரம் காத்திருந்தோம். எட்டாம் வகுப்பில் அவனுக்குப் பௌதிகம் கற்பித்தவன் நானே. ஆகவே அவன் செய்த பிழையில் எனக்கும் பங்கு உண்டு என்று அப்போது எண்ணினேன். அன்று மரத்தடியில் அவனுக்குச் சொன்னவற்றையும், நேரமின்மையால் சொல்லாது விட்டவற்றையும் இன்று மாணவர்களாகிய உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

பெட்ரோல் என்பது ஒரு தனிப்பொருளன்று; கரியும் ஹைட்ரஜனும் இணைந்த பல நூறு சேர்மங்களின் கலவை. பூமியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயைச் சூடேற்றி ஆவியாக்கி உயர்ந்த கோபுரத்தினுள் செலுத்தினால், எளிதில் ஆவியாகும் பகுதிகள் மேலேயும், கனத்த பகுதிகள் கீழேயும் பிரிந்து நிற்கும். ஏறத்தாழ 35 பாகை முதல் 200 பாகை சென்டிகிரேடு வரை கொதிக்கும் பகுதிகளே பெட்ரோலுக்கு உரியவை. அதற்குக் கீழே மண்ணெண்ணெயும், அதற்கும் கீழே டீசலும், அடியில் தாரும் கிடைக்கும். சென்னையை அடுத்த மணலியில் 1969-ஆம் ஆண்டு முதல் இத்தகைய ஆலை இயங்கி வருகிறது. சென்னையிலிருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் எண்ணெய்ப் பொருள்களைக் கொண்டு செல்லும் குழாய்வழியில், நம் மாவட்டத்து உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள ஆசனூரில் ஒரு சேமிப்புக் கிடங்கும் இருக்கிறது. ஆனால் மூலப்பொருளான கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கிற்கும் மேலாக நம் நாடு கடல் கடந்தே பெறுகிறது.

திரவப் பெட்ரோல் எரிவதில்லை. அதன் ஆவியே காற்றோடு கலந்து எரிகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முற்றும் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. அஃது எரிந்து வெளிவரும் கரியமில வாயுவின் எடையோ சுமார் 2.3 கிலோ! முக்கால் கிலோ எவ்வாறு இரண்டேகால் கிலோவிற்கு மேலாயிற்று? காற்றிலிருந்து எடுத்த ஆக்சிஜன் கரியோடு சேர்ந்ததே காரணம். வேதியியல் படிக்கும் மாணவர்கள் இதைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

பெட்ரோலைப் பற்றிப் பேசுவோர் ஆக்டேன் எண் என்ற ஒன்றைக் குறிப்பிடுவர். எஞ்சினுள் பெட்ரோல் ஆவியும் காற்றும் அழுத்தப்படும்போது, தீப்பொறிக்குக் காத்திராமல் கலவை தானே வெடித்தால் ‘டக் டக்’ என்னும் ஒலி கேட்கும். அவ்வாறு வெடியாமல் தாங்கும் திறனின் அளவே ஆக்டேன் எண். இதை உயர்த்துவதற்காக 1920-களிலிருந்து பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்து வந்தனர். அந்த ஈயம் புகையோடு வெளிவந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் அது நீக்கப்பட்டது. உலகில் கடைசியாக விடைகொடுத்த நாடு அல்ஜீரியா, அதுவும் 2021-இல்தான். ஆக்டேன் எண் மிகுந்த விலையுயர்ந்த பெட்ரோலை ஊற்றினால் மைலேஜ் கூடும் என்று பலர் நம்புகின்றனர். அந்த எண் தாங்குதிறனின் அளவே அன்றி ஆற்றலின் அளவன்று. சாதாரணப் பெட்ரோலுக்கென அமைந்த எஞ்சினுக்கு அதனால் பெரும்பயன் ஒன்றும் இல்லை.

இனி மலைக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியுள்ள ஆற்றல் சுமார் 3 கோடியே 20 இலட்சம் ஜூல். ஆனால் எஞ்சின் இதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கையே சக்கரத்திற்குக் கொடுக்கிறது. மற்றவை ரேடியேட்டர் வழியாகவும், புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகின்றன. ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு கார் 600 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கணக்கிற்கு வைத்துக் கொள்வோம். எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 60 இலட்சம் ஜூல் வரும். எஞ்சினின் இழப்பையும் சேர்த்தால் முக்கால் லிட்டர் பெட்ரோல் ஆகிறது. சாலையில் உருள்வதற்கு ஆகும் செலவு வேறு; இஃது உயரத்திற்கு மட்டும் கொடுக்கும் விலை.

இதை எவராலும் தள்ளுபடி செய்துகொள்ள இயலாது. சுமையைக் குறைத்தால் சிறிது குறையும், அவ்வளவே. ஆனால் நாமே வலிந்து சேர்க்கும் செலவு ஒன்று உண்டு. இரண்டு வளைவுகளுக்கு இடையே விர்ரென்று 50 கிலோமீட்டர் வேகத்திற்குப் போய், வளைவு வந்ததும் பிரேக்கை அழுத்தி 20-க்கு இறங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவ்வாறு ஒருமுறை செய்தால், அதே காருக்குச் சுமார் 10 மில்லி பெட்ரோல் வீணாகிறது. இருமல் மருந்துக் குப்பியின் மூடியளவு என்று வைத்துக் கொள்ளுங்கள். முப்பது முறை செய்தால் கால் லிட்டருக்கும் மேல்! ஏற்றத்தில் எஞ்சின் திணறாத கியரில், ஒரே சீராக ஓட்டுபவனுக்கு இந்தச் செலவு இல்லை. குறுகிய மலைப்பாதையில் இறங்கும் வண்டி ஒதுங்கி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று சாலை விதி கூறுவதிலும் நியாயம் இருக்கிறது. ஏற்றத்தில் நின்றுபோன வண்டியை மீண்டும் கிளப்புவது எவ்வளவு கடினம் என்பது ஓட்டியவர்க்கே தெரியும்.

இனி இறக்கம். ஏறும்போது காருக்குக் கொடுத்த அந்த 60 இலட்சம் ஜூல் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை; உயரத்தில் இருப்பாக நிற்கிறது. இறங்கும்போது அது திரும்பக் கிடைக்கிறது. கியரை எடுத்துவிட்டால், உருளல் தடையும் காற்றும் கொள்வது போக, அந்த ஆற்றலின் பெரும்பகுதியைப் பிரேக்குகளே விழுங்க வேண்டும். 60 இலட்சம் ஜூல் என்றால், இருபது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம். நான்கு சக்கரங்களிலும் உள்ள சிறிய இரும்புத் தட்டுகளும் பட்டைகளும் இதைத் தாங்க வேண்டும் என்றால் என்ன ஆகும்? முதலில் பட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும்; நாங்கள் முகர்ந்த நாற்றம் அதுதான். பின்னர் வெப்பம் பிரேக் ஆயிலுக்குப் பரவி, அதில் ஆவிக்குமிழ்கள் தோன்றும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். ஆகவே காலின் அழுத்தம் சக்கரத்தைச் சென்றடையாமல் குமிழ்களிலேயே செலவாகிவிடும். மிதி ஆழமாகப் போனதன் பொருள் இதுவே. இன்னும் இரண்டு வளைவுகள் இருந்திருந்தால், இன்று நான் உங்களோடு பேசிக் கொண்டிருப்பேனோ என்பது ஐயமே.

சிலர் இன்னும் ஒருபடி மேலே சென்று எஞ்சினையே நிறுத்திவிடுகின்றனர். பிரேக்கை மிதிக்கத் துணைபுரியும் வெற்றிடச் சாதனம் எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும். எஞ்சின் நின்றபின் இரண்டு மூன்று மிதிகளுக்கே அத்துணை நிலைக்கும்; பிறகு கல்லை மிதிப்பது போலிருக்கும். சாவியை எடுத்தாலோ, ஸ்டீயரிங்கே பூட்டிக் கொள்ளவும் கூடும். மலைமக்களை மருத்துவமனைக்கும் சந்தைக்கும் ஏற்றிவரும் வண்டியில் ஒருவன் இவ்வாறு செய்வானாயின், அவன் மிச்சம் பிடிப்பது பிறர் உயிரை வைத்து அன்றோ?

அவ்வளவு ஆபத்தை மேற்கொண்டாவது பெட்ரோல் மிச்சமாகிறதா என்றால், அதுவும் இல்லை என்பதே வேடிக்கை. நியூட்ரலில் இருக்கும் எஞ்சின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் பெட்ரோல் ஆகும். அரைமணி நேர இறக்கத்திற்குக் கால் லிட்டர். மாறாக, கியரிலேயே வண்டியை வைத்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. இக்காலத்துக் கார்களில் எஞ்சினுக்குப் பெட்ரோலை ஊசித்துளை வழியே தெளிக்கும் கருவியை ஒரு சிறு கணினி ஆள்கிறது. ‘கால் எடுக்கப்பட்டுவிட்டது, சுழற்சியோ வேகமாக இருக்கிறது, பெட்ரோல் எதற்கு?’ என்று அது தெளிப்பையே நிறுத்திவிடுகிறது. சுழற்சி தாழ்ந்து, எஞ்சின் நின்றுவிடும் நிலை வரும்போது மட்டும் மீண்டும் தொடங்குகிறது. இறக்கத்தில் கியரில் செல்லும் கார், பெரும்பாலும் ஒரு துளி பெட்ரோலும் இன்றியே ஓடுகிறது! அதோடு எஞ்சினின் தடை வண்டியை இழுத்துப் பிடிப்பதால், பிரேக்கிற்கும் வேலை குறைகிறது.

நியூட்ரல் பழக்கம் தோன்றியதற்குக் காரணம் இல்லாமலில்லை. பழைய வண்டிகளில் கார்பரேட்டர் என்னும் கருவி இருந்தது. எஞ்சின் காற்றை இழுக்கும்போதெல்லாம், வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் பெட்ரோலும் உடன் இழுபடும். கியரில் இறங்கும்போது எஞ்சின் வேகமாகச் சுழன்றதால் சற்றுக் கூடுதலாகவே செலவாகியிருக்கும். அக்காலத்து ஓட்டுநர்களின் கணக்கு முற்றும் பொய்யன்று. கருவி மாறிவிட்டது, வழக்கம் மட்டும் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்து கொண்டிருக்கிறது.

இறக்கத்தில் பிரேக்கு தேய்வது கார் தோன்றிய நாள்தொட்டே உள்ள தொல்லை. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஜெர்மனி நாட்டில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியில் இரு மைந்தர்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெட்ரோல் பங்க் என்ற பெயரையே உலகம் அறியாத காலம். வழியில் வீஸ்லோக் என்னும் ஊரில் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். ஏற்றங்களில் வண்டியைத் தள்ளினார்கள். இறக்கங்களில் மரப் பிரேக்கு தேய்ந்துபோகவே, அவர் ஒரு செருப்புத் தைப்பவரிடம் சென்று அதன்மேல் தோல் வைத்துத் தைக்கச் செய்தார். இன்றைய பிரேக் பட்டைக்கு அதுவே மூதாதை. ஏற்றத்திற்கென இன்னொரு கியர் வேண்டும் என்பதும் அப்பயணத்தில் கற்ற பாடமே.

சமவெளியில் செலவைப் பெருக்குவது காற்று. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் பறப்போர் இதை நினைப்பதில்லை. காற்றின் தடை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. தடையோ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. டயரில் காற்றுக் குறையாமல் பார்த்துக் கொள்வதும், நெடுநேரம் நிற்கும் இடத்தில் எஞ்சினை நிறுத்துவதும் நீங்கள் அறிந்தவையே. விடியற்காலையில் பெட்ரோல் போட்டால் அளவு கூடுதலாகக் கிடைக்கும் என்று சொல்வார்கள். ஒரு பாகை வெப்பத்திற்குப் பெட்ரோல் விரிவது ஆயிரத்தில் ஒரு பங்கு. தொட்டியோ மண்ணுக்கடியில் இருக்கிறது. அங்கே காலையும் மாலையும் ஏறக்குறைய ஒன்றே. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக் கொள்ள வேண்டியதில்லை.

கரும்பு விளையும் மாவட்டத்துப் பிள்ளைகளாகிய உங்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருப்பதை அறிவீர்கள். கரும்பிலிருந்தும், சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகிலிருந்தும், வேறு தானியங்களிலிருந்தும் எத்தனால் வடிக்க முடியும். 2025-ஆம் ஆண்டளவில் நம் நாட்டுப் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்ற நிலை வந்துவிட்டது. எத்தனாலுக்கு ஆக்டேன் எண் அதிகம்; ஆனால் ஒரு லிட்டரில் உள்ள ஆற்றல் பெட்ரோலினும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கலவையின் லிட்டரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பங்கு ஆற்றல் குறைகிறது. அயல்நாட்டு எண்ணெய் அந்த அளவு குறைகிறதே என்று மகிழ்வோரும், மைலேஜ் இறங்கிவிட்டதே என்று வருந்துவோரும் கூறுவது ஒரே கணக்கின் இரு பக்கங்கள்தாம்.

என் பழைய மாணவன் அன்று மரத்தடியில் எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டான். ஆனால் நம்பினானா என்பது எனக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தான். புதிய பட்டைகளும் புதிய பிரேக் ஆயிலும் போட்டுக்கொண்டு மீண்டும் வெள்ளிமலைக்குச் சென்றுவந்தானாம். வண்டியின் முகப்பில், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அவ்வப்போது காட்டும் எண் ஒன்று உண்டு. இத்தனை நாளும் அதை அவன் கவனித்ததில்லை.

“இரண்டாம் கியரில் இறங்கும்போது 99 என்று போய் அப்படியே நின்றுவிட்டது, சார். அடிவாரம் வந்து, ஆளில்லாத சமதரையில் ஒரு நொடி நியூட்ரலில் போட்டுப் பார்த்தேன், 50-க்கு விழுந்துவிட்டது” என்றான்.

“99-க்கு மேல் ஏன் போகவில்லை தெரியுமா?” என்று கேட்டேன்.

சற்று யோசித்துவிட்டு, “அதற்குமேல் காட்ட அந்தப் பெட்டியில் இடமில்லை, சார்” என்றான்.

எட்டாம் வகுப்பில் அவனுக்கு நான் இவ்வளவு மதிப்பெண் கொடுத்ததாக நினைவில்லை.