537 ஓட்டு: புளோரிடாவில் தொங்கிய அதிபர் நாற்காலி

2000 நவம்பர் 8, இன்னும் விடியவில்லை. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் ஆதரவாளர்கள் மழையில் நனைந்தபடி காத்திருக்க, தோல்வியை ஒப்புக்கொள்ளும் உரையைக் கையில் வைத்துக்கொண்டு காரில் வந்துகொண்டிருந்தார் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோர். குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்குத் தொலைபேசியில் வாழ்த்தும் சொல்லியாகிவிட்டது. திடலை நெருங்கும் நேரத்தில் உதவியாளர்களிடமிருந்து அவசரத் தகவல்: புளோரிடாவில் வித்தியாசம் கரைந்துகொண்டே வருகிறது. கோர் மேடை ஏறவில்லை. மறுபடி புஷ்ஷை அழைத்து, சொன்ன வாழ்த்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

தொலைக்காட்சிகளின் நிலை அதைவிட மோசம். முன்னிரவு 8 மணிக்குச் சற்று முன்பு புளோரிடா கோருக்கு என்றார்கள். 10 மணிவாக்கில் அதை வாபஸ் வாங்கினார்கள். நள்ளிரவு தாண்டி 2.15 மணியளவில் புஷ்ஷுக்கு என்றார்கள். 4 மணிவாக்கில் அதையும் வாபஸ் வாங்கினார்கள். ஒரே மாநிலத்தை ஒரே இரவில் இரண்டு பேருக்கும் கொடுத்து, இரண்டு பேரிடமிருந்தும் பிடுங்கிக்கொண்ட இரவு அது. அடுத்த 36 நாட்கள் அமெரிக்காவுக்கு அடுத்த அதிபர் யார் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு மாநிலம் எப்படி நாடானது?

அமெரிக்க வாக்காளர்கள் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலவாரியாகப் பங்கிடப்பட்ட 538 தேர்வாளர்கள்தான் அந்த வேலையைச் செய்கிறார்கள். வெற்றிக்கு 270 பேர் தேவை. மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற 48 மாநிலங்களிலும் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே அந்த மாநிலத்தின் அத்தனை தேர்வாளர்களும் போய்ச் சேருவார்கள்.

புளோரிடாவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் கோருக்கு 267 பேர், புஷ்ஷுக்கு 246 பேர். புளோரிடாவின் 25 பேர் யார் பக்கம் போகிறார்களோ அவர்தான் அதிபர். நாடு முழுவதும் புஷ்ஷைவிட 5 லட்சத்துக்கும் மேல் கூடுதல் ஓட்டு வாங்கியிருந்தார் கோர். அது கணக்கில் சேராது. நியூ மெக்சிகோவில் கோர் ஜெயித்தது வெறும் 366 ஓட்டில். ஓட்டு எண்ணிக்கையில் அது புளோரிடாவைவிட நெருக்கமான முடிவு. ஆனால் அங்கே இருந்தவர்கள் 5 தேர்வாளர்கள். அவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இறுதி முடிவு மாறாது என்பதால் அந்த 366 இன்று யார் நினைவிலும் இல்லை.

இந்தியாவில் இருப்பதுபோலத் தேர்தலை ஒரே கையில் வைத்து நடத்தும் ஆணையம் அங்கே கிடையாது. மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகளான புளோரிடாவின் 67 கவுன்டிகளும் தங்கள் தேர்தலைத் தாங்களே நடத்தின. எந்த இயந்திரம், வாக்குச் சீட்டு எப்படி இருக்கும் என்பதெல்லாம் கவுன்டி அதிகாரியின் பொறுப்பு. மேலே போனாலும் நடுநிலை தேடுவது சிரமம். மாநில ஆளுநர் ஜெப் புஷ், வேட்பாளரின் தம்பி. முடிவைச் சான்றளிக்க வேண்டிய மாநிலச் செயலர் கேத்தரின் ஹாரிஸ், அதே புஷ்ஷின் புளோரிடா பிரசாரக் குழுவின் இணைத் தலைவர். மாநில அட்டர்னி ஜெனரல் பாப் பட்டர்வொர்த், கோரின் புளோரிடா பிரசாரத் தலைவர். தம்பி மட்டும் சான்றளிக்கும் குழுவிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்.

பட்டாம்பூச்சியின் சிறகில்

பாம் பீச் கவுன்டியில் ஓட்டுப் போடும் முறை இது: ஒரு நீள அட்டையைக் கருவிக்குள் செருக வேண்டும். அதன் மேல் வேட்பாளர் பெயர்கள் அச்சிட்ட புத்தகம் விரிந்திருக்கும். நடுவில் துளைகள் வரிசையாக இருக்கும். வேண்டிய பெயருக்கு நேரான துளையில் ஊசிபோன்ற குச்சியை அழுத்தினால், அடியில் இருக்கும் அட்டையிலிருந்து ஒரு சிறு துணுக்கு பெயர்ந்து விழும். ஓட்டு பதிவாகிவிடும்.

அந்த ஆண்டு அதிபர் பதவிக்கு 10 வேட்பாளர்கள். சிறு கட்சிகள் சீட்டில் இடம்பெறுவதை 1998-இல் வந்த ஒரு சட்டத் திருத்தம் எளிதாக்கியிருந்தது. பத்துப் பெயரையும் ஒரே பக்கத்தில் அடைத்தால் எழுத்து பொடியாகிவிடும். பாம் பீச்சிலோ ஓய்வுபெற்ற முதியவர்கள் அதிகம். அவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று, தேர்தல் அதிகாரி தெரசா லபோர் பெயர்களை எதிரெதிர்ப் பக்கங்களில் பெரிய எழுத்தில் பிரித்துப் போட்டார். அவர் கோரின் கட்சியைச் சேர்ந்தவர். மாதிரிச் சீட்டு முன்கூட்டியே வெளியானபோது எந்தக் கட்சியும் மறுப்புச் சொல்லவில்லை.

இடப்பக்கம் முதல் பெயர் புஷ், இரண்டாவது கோர். வலப்பக்கம் முதல் பெயர் சீர்திருத்தக் கட்சியின் பாட் புக்கானன். நடுவில் இருந்ததோ ஒரே துளை வரிசை. முதல் துளை புஷ்ஷுக்கு, இரண்டாவது துளை வலப்பக்கத்துப் புக்கானனுக்கு, மூன்றாவதுதான் கோருக்கு. இரண்டாவது பெயர் கோர், ஆகவே இரண்டாவது துளை என்று குத்தியவர்களின் ஓட்டு புக்கானனுக்குப் போனது. தவறு புரிந்து மூன்றாவது துளையையும் குத்தியவர்களின் ஓட்டு செல்லாமல் போனது. சிறகு விரித்த வடிவத்தால் அதற்குப் பட்டாம்பூச்சிச் சீட்டு என்று பெயர் வந்தது.

தீவிர வலதுசாரியான புக்கானனுக்கு, யூத முதியவர்கள் நிறைந்த அந்தக் கவுன்டியில் 3,407 ஓட்டு. மாநிலம் முழுக்க அவர் வாங்கியதே 17,484தான். இவற்றில் பெரும்பாலானவை எனக்கு விழ வேண்டிய ஓட்டுகள் இல்லை என்று புக்கானனே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். ஒன்றுக்கு மேற்பட்ட துளையால் அங்கே செல்லாமல் போன சீட்டுகள் மட்டும் 19,000-க்கு மேல்.

வடக்கே ஜாக்சன்வில் நகரம் அமைந்த டியூவல் கவுன்டியில் வேறு கதை. அங்கே பெயர்கள் அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் ஓடின. எல்லாப் பக்கத்திலும் ஓட்டுப் போடுங்கள் என்று மாதிரிச் சீட்டு அறிவுறுத்தியிருந்தது. சொன்னபடி செய்தவர்கள் ஓட்டை இழந்தார்கள். கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் இந்த இழப்பு அதிகம். மாநில அளவில் கறுப்பின வாக்காளரின் சீட்டு நிராகரிக்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 10 மடங்கு அதிகமாக இருந்தது என்று அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையம் 2001-இல் சொன்னது.

தொங்கலும் பிதுங்கலும்

வித்தியாசம் அரை சதவீதத்துக்குக் குறைந்தால் இயந்திரத்தில் மறு எண்ணிக்கை நடத்த வேண்டும் என்பது புளோரிடா சட்டம். முதலில் 1,784 ஆக இருந்த புஷ்ஷின் முன்னிலை, மறு எண்ணிக்கையில் சில நூறுகளுக்குச் சரிந்தது. அடுத்ததாக வொலூசியா, பாம் பீச், ப்ரோவர்ட், மயாமி-டேட் ஆகிய நான்கு கவுன்டிகளில் கையால் எண்ணக் கேட்டது கோர் தரப்பு.

அப்போதுதான் ‘சாட்’ என்ற சொல் உலகப் பத்திரிகைகளுக்கு வந்தது. அட்டையிலிருந்து பெயரும் அந்தத் துணுக்கின் பெயர் அது. ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் தொங்கும் சாட். விழாமல் பிதுங்கி மட்டும் நின்றால் கர்ப்பிணி சாட். ஒரு மூலையும் விடாமல் வெறும் பள்ளம் விழுந்திருந்தால் குழி சாட். இவற்றில் எது ஓட்டு? ப்ரோவர்டில் நீதிபதி ராபர்ட் ரோசன்பெர்க் பூதக் கண்ணாடி வழியே விழி பிதுங்க ஓர் அட்டையை உற்றுப் பார்க்கும் புகைப்படம் அந்த நவம்பரின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

விடை கவுன்டிக்குக் கவுன்டி மாறியது. பாம் பீச்சில் ஒரே கவுன்டிக்குள்ளேயே மாறியது: 1990-ஆம் ஆண்டு விதியில் தொடங்கினார்கள், பிறகு வெளிச்சம் ஊடுருவினால் ஓட்டு என்றார்கள், பிறகு மறுபடி பழைய விதிக்குப் போனார்கள். ப்ரோவர்ட் தாராளம் காட்டியது. அங்கே கோருக்கு நிகர லாபம் 567. மயாமி-டேட்டில் குடியரசுக் கட்சியினர் எண்ணும் அலுவலகத்தை முற்றுகையிட்டுக் கூச்சல் போட்ட நவம்பர் 22 அன்று எண்ணிக்கை கைவிடப்பட்டது.

மாநில உச்ச நீதிமன்றம் கொடுத்த கடைசிக் கெடு நவம்பர் 26 மாலை 5 மணி. பாம் பீச் சுமார் இரண்டு மணி நேரம் தாமதமாக முடித்தது. ஹாரிஸ் அந்த எண்ணை ஏற்கவில்லை. புஷ் 29,12,790, கோர் 29,12,253 என்று சான்றளித்தார். வித்தியாசம் 537. பதிவான ஏறத்தாழ 60 லட்சம் ஓட்டில் இது 0.009 சதவீதம். இயந்திரம் படிக்காமல் தள்ளிய சீட்டுகளோ சுமார் 1,75,000. பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் தனியாக எடுத்தது 97,488.

ஒன்பது பேர், ஐந்துக்கு நான்கு

மாநிலம் முழுவதும் துளை பதிவாகாத சீட்டுகளைக் கையால் எண்ணுங்கள் என்று டிசம்பர் 8-இல் மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் உத்தரவிட்டது. மறுநாளே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் எண்ணிக்கையை நிறுத்தியது. டிசம்பர் 12 இரவு வந்த தீர்ப்பின் அடிப்படை, பாம் பீச்சும் ப்ரோவர்டும் காட்டிய அந்தக் குழப்பமேதான். ஒரே மாதிரி அட்டையை ஓரிடத்தில் ஓட்டாகவும் வேறிடத்தில் வெற்றுத் தாளாகவும் கொள்வது சமத்துவத்துக்கு முரண் என்பதில் ஏழு நீதிபதிகளுக்கு ஏதோவொரு வகையில் உடன்பாடு இருந்தது. ஒரே விதியை வகுத்து மறுபடி எண்ண நேரமில்லை என்று முடிவு செய்தவர்கள் ஐந்து பேர். இந்தத் தீர்ப்பு இந்த வழக்கின் சூழலுக்கு மட்டுமே என்றும் அதிலேயே எழுதிக்கொண்டார்கள். மறுநாள் கோர் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

2001-இல் பெரிய செய்தி நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு மையத்தைக் கொண்டு அந்த 1,75,000 சீட்டையும் பார்க்கச் செய்தன. கோர் கேட்ட நான்கு கவுன்டி எண்ணிக்கை முழுதாக நடந்திருந்தாலும் புஷ்ஷே வென்றிருப்பார். நிராகரித்த சீட்டுகள் அத்தனையையும் மாநிலம் முழுக்க எண்ணியிருந்தால் மிகச் சில ஓட்டில் கோர் வென்றிருப்பார். அச்சிட்ட கோரின் பெயருக்கு நேரே குறியிட்டு, பிற பெயர் எழுதும் கட்டத்திலும் ‘கோர்’ என்றே எழுதிய சீட்டுகளும் அந்தக் குவியலில் இருந்தன. இயந்திரத்துக்கு அவை இரண்டு ஓட்டு. அவற்றை எண்ணச் சொல்லி கோர் தரப்பு கேட்கவேயில்லை.

துளை போனது, சீட்டு இருக்கிறது

புளோரிடா 2001-இல் துளையட்டையைத் தடை செய்தது. 2002-இல் வந்த மத்தியச் சட்டம் மற்ற மாநிலங்களும் அதைக் கைவிடப் பணம் ஒதுக்கியது. பல கவுன்டிகள் தொடுதிரைக்கு மாறின. 2006-இல் சாரசோட்டா கவுன்டியின் தொடுதிரைகளில், நாடாளுமன்றப் போட்டிக்கு மட்டும் சுமார் 18,000 பேரின் ஓட்டு பதிவாகவில்லை. அந்தத் தொகுதி 369 ஓட்டில் முடிவானது. காகிதத்தில் குறித்து இயந்திரத்தால் படிக்கும் முறைக்கு மாநிலம் திரும்பியது.

அதிபர் தேர்தலில் புளோரிடா இப்போது இழுபறி மாநிலம் இல்லை. 2024-இல் டொனால்ட் டிரம்ப் அங்கே சுமார் 13 சதவீத வித்தியாசத்தில் வென்றார். ஆனால் 2018 செனட் தேர்தலில் ப்ரோவர்ட் கவுன்டியின் பெயர் மறுபடி அடிபட்டது. அங்கே சீட்டின் இடப்புற ஓரத்தில் மூன்று மொழிகளில் நீளமான குறிப்புகள். அவற்றின் அடியில், பக்கத்தின் கீழ் மூலையில் செனட் போட்டி. ஆளுநர் போட்டி அடுத்த பத்தியின் உச்சியில் பளிச்சென்று நின்றது. ஆளுநருக்கு ஓட்டுப் போட்டவர்களில் 20,000-க்கும் மேற்பட்டோர் செனட்டுக்குப் போடாமல் வந்துவிட்டார்கள். குடியரசுக் கட்சியின் ரிக் ஸ்காட் அந்த இடத்தை 10,033 ஓட்டில் கைப்பற்றினார். ப்ரோவர்டில் அன்றும் கையால் எண்ணினார்கள். அந்தச் சீட்டுகளின் செனட் கட்டங்களில் பெரும்பாலானவை காலியாகவே இருந்தன.