வண்ணத்தின் கீழ் மறையும் விரிசல்

இரும்புப் பாலத்திற்கு வண்ணம் பூசுவது துருவைத் தடுக்கவேயாம். ஆயின் அதே பூச்சு விரிசலையும் மறைத்துவிடுகிறது என்பதை நாம் மறத்தலாகாது.

அமெரிக்காவில் ஓஹையோ ஆற்றின்மீது 1928-இல் திறக்கப்பட்ட சில்வர் பாலம், 1967 டிசம்பர் 15-ஆம் நாள் மாலை இடிந்து வீழ்ந்தது. 46 பேர் மாண்டனர். பாலத்தைத் தாங்கிய எஃகுச் சங்கிலியின் கண்ணி ஒன்றில், ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் ஆழமேயிருந்த விரிசலே அதற்குக் காரணம்.

பூச்சைச் சுரண்டாமலே விரிசலை அறிய நுண்ணலைகள் உதவுகின்றன. இவை ரேடாரில் பயன்படும் அலைகளே. செவ்வகமான சிறு உலோகக் குழாயின் திறந்த வாய்வழியே இவற்றை இரும்பின்மீது செலுத்துகின்றனர். உலோகத் தூள் மிகுதியாகக் கலவாத வண்ணமாயின் அலைகள் அதனூடே சென்றுவிடும். இரும்பை அடைந்ததும் அதன் மேற்பரப்பில் மெல்லிய மின்னோட்டத்தை எழுப்பித் திரும்புகின்றன. வாய்க்கால் நீர் குறுக்கே வரப்பைக் கண்டால் ஒதுங்கிச் செல்வதை நாம் அறிவோம். அவ்வாறே அம்மின்னோட்டமும் விரிசலைக் கண்டு விலகுகிறது. திரும்பும் அலையும் மாறுகிறது. குழாயை நகர்த்துகையில் கருவி அம்மாற்றத்தைக் காட்டும்.

மின்னோட்டத்தின் திசையிலேயே விரிசல் நீண்டு கிடப்பின் தென்படாமற் போகலாம். ஆகவே குழாயைத் திருப்பி வைத்து மறுமுறையும் பார்த்தல் வேண்டும். உலோகத்தின் உட்புறக் குறைகளை அறிய இம்முறை பயன்படாது. அதற்கு ஒலியலைச் சோதனையே ஏற்றது. சில்வர் பாலத்தின் விரிசலோ மூட்டினுள், குழாயின் வாய் எட்டாத இடத்தில் இருந்தது. மூட்டைப் பிரித்தாலன்றி அதனைக் கண்டிருக்க இயலாது.