படகை விட்டு இறங்குமுன்

இன்றைய நற்செய்தியில் பேதுரு தண்ணீர்மீது நடக்கிறார், பிறகு மூழ்கத் தொடங்குகிறார். மூழ்கியதைப் பற்றி நாம் பலமுறை மறையுரை கேட்டிருக்கிறோம். இறங்குவதற்கு முன் அவர் செய்த ஒன்றை இன்று சற்று நின்று பார்ப்போம்.

பேதுரு மீனவர். கலிலேயக் கடல் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 200 மீட்டர் கீழே, மேடுகளுக்கு நடுவே கிடக்கிறது. மேட்டிலிருந்து இறங்கும் காற்று அதைத் திடீரெனக் கொந்தளிக்க வைக்கும். அங்கேயே தொழில் செய்து வாழ்ந்தவருக்கு அந்தக் காற்றைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாடையா கொண்டலா என்பதை முகத்தில் பட்டவுடனே சொல்லிவிடும் நம் கரையோரத்துப் பெரியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். உள்ளுணர்வு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படி அனுபவத்தால் உடம்பில் ஊறிய அறிவுதான். அதுவும் கடவுளின் கொடையே. மகளுக்கு வரன் பார்க்கப் போன வீட்டில், காரணம் சொல்லத் தெரியாமல் ஒரு தாய்க்கு மனசு ஒப்பவில்லை என்றால், அதை அவசரப்பட்டுத் தள்ளிவிட வேண்டாம். அவர் கண் எதையோ பார்த்திருக்கலாம், அது இன்னும் வாய்க்கு வந்து சேராமல் இருக்கலாம்.

அன்றிரவு பேதுருவின் தொழிலறிவு படகிலேயே இரு என்றுதான் சொல்லியிருக்கும். உள்ளமோ இயேசுவிடம் போ என்றது. அவர் உடனே குதித்துவிடவில்லை. வருவது ஆண்டவர்தாம் என்றால் தமக்கு ஆணையிடுமாறு முதலில் கேட்கிறார். அழைப்பு வந்த பிறகே காலை வெளியே வைக்கிறார்.

இதே மத்தேயு நற்செய்தியில் 4ஆம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். அலகை இயேசுவைக் கோவிலின் உச்சியில் நிறுத்திக் குதிக்கச் சொல்கிறது. வானதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று மறைநூலையே சாட்சிக்கு அழைக்கிறது. இயேசு குதிக்க மறுக்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டுமே நம்பிக்கையின் துணிச்சலாகத்தான் தெரியும். ஆனால் கோவில் உச்சியில் தந்தையின் அழைப்பு இல்லை, கடவுள் பிடிக்கிறாரா பார்க்கலாம் என்ற சோதனை மட்டுமே இருந்தது.

“ஆண்டவர் என் மனசுல பேசிட்டாரு சாமி” என்று சொல்லி, வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து, முன்பின் தெரியாத ஏஜெண்டிடம் பணம் கட்டி மகனை வெளிநாட்டுக்கு அனுப்பத் துணிகிறவர்கள் நம் நடுவே இருக்கிறார்கள். பேசியது ஆண்டவரா, ஆசையா, பக்கத்து வீட்டு மாடியைப் பார்த்த பொறாமையா? உள்ளே கேட்கும்போது எல்லாக் குரலும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கிறது.

இதற்கு நல்ல வழிகாட்டி புனித இஞ்ஞாசியார். 1521இல் பாம்பலோனாப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்த அவர், லொயோலா மாளிகையில் மாதக்கணக்கில் படுத்துக்கிடந்தார். வீரக் கதைகள் கேட்டார், கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்வும் புனிதர்களின் வரலாறும். சில நேரம் ஓர் உயர்குலப் பெண்ணுக்காக வீரச்செயல் புரிவதாகக் கனவு கண்டார். சில நேரம் பிரான்சிசையும் தோமினிக்கையும் போல வாழ்வதாக எண்ணினார். எண்ணும்போது இரண்டும் இனித்தன. முதல் கனவு கலைந்ததும் உள்ளம் வறண்டது. இரண்டாவது கலைந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. ஆவிகளைத் தெளிந்து தேர்தல் பற்றி அவர் பின்னாளில் கற்பித்ததற்கு வித்து இதுதான்.

அதனால் அவர் உடனே தெளிந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அடுத்த ஆண்டு மொன்செராத் திருத்தலத்துக்குப் போகும் வழியில் ஓர் இஸ்லாமியரோடு அன்னை மரியாவைப் பற்றி வாக்குவாதம் வந்தது. அவர் முன்னே போய்விட்டார். அன்னையின் மானத்துக்காக அவரைக் குத்திவிட வேண்டும் என்று இஞ்ஞாசியாருக்குள் ஒரு வேகம். முடிவெடுக்க முடியாமல், பாதை பிரியும் இடத்தில் தம் கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். அது எந்த வழி போகிறதோ அதுவே முடிவு! கழுதை நெடுஞ்சாலையில் போனது, ஓர் உயிர் பிழைத்தது. அந்தக் கழுதைக்கு நாம் எல்லாரும் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். தம் ஆன்மா அப்போது எவ்வளவு குருடாக இருந்தது என்பதற்கே இஞ்ஞாசியார் முதுமையில் இதை எடுத்துச் சொன்னார். விவிலியத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைப்பதும், பீடத்தில் சீட்டுப் போட்டு எடுப்பதும் இந்தக் கடிவாளத்தைத் தளர்த்தும் வேலைதான்.

‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் அவர் தரும் வழிகள் மிக எளியவை. மனம் சோர்ந்து இருண்டிருக்கும் நாளில், முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றக் கூடாது. நமக்கு அறிமுகமே இல்லாத ஒருவர் இதே சிக்கலோடு வந்தால் அவருக்கு என்ன அறிவுரை சொல்வோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சாகும் வேளையில் எதைத் தேர்ந்திருக்க விரும்புவோம் என்றும் கேட்க வேண்டும். இவற்றோடு இன்னொன்றையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்: துணிவது நாம், தோற்றால் வட்டி கட்டப்போவது யார்? மனைவியின் நகையை வைத்து எடுக்கும் துணிச்சலுக்கு மனைவியின் உள்ளுணர்வையும் கேட்டாக வேண்டும் அல்லவா?

நம் நாட்டிலேயே நடந்ததைப் பாருங்கள். 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் போகும் ரயிலில், மிக வறியவர்கள் நடுவே வாழ வேண்டும் என்ற அழைப்பை அன்னை தெரேசா உணர்ந்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடிவிடவில்லை. ஆன்ம வழிகாட்டியிடம் சொன்னார். பேராயர் பெரியே எளிதில் இசையவில்லை, காத்திருக்கச் சொன்னார். அன்னை மீண்டும் மீண்டும் எழுதிக் கேட்டார், ஆனால் அனுமதியின்றி மடத்தை விட்டு வெளியேறவில்லை. 1948 ஆகஸ்டில்தான் லொரேட்டோ மடத்திலிருந்து வெளியே வந்தார். வந்தவர் நேரே சேரிக்கும் போகவில்லை. பாட்னாவில் மருத்துவ சபைச் சகோதரிகளிடம் நோயாளிகளைப் பராமரிக்கக் கற்றுக்கொண்டு, ஆண்டின் இறுதியில் மோத்திஜீல் சேரியில் பணி தொடங்கினார்.

பிறகு நடந்ததை 2007இல் வெளியான அவருடைய கடிதங்கள் சொல்கின்றன. ரயிலில் அத்தனை தெளிவாக இருந்த உணர்வு, பணி தொடங்கியபின் மறைந்துபோனது. கடவுள் அருகில் இருக்கிறார் என்ற ஆறுதலே இல்லாத உள்ளிருள் பல பத்தாண்டுகள் நீடித்தது. மனசு சொன்னதை மட்டும் நம்பி இறங்கியிருந்தால், மனசு மௌனமான அன்றே அவர் திரும்பியிருக்கலாம். அவரோ அந்த இருளோடுதான் காலையில் எழுந்து திருப்பலிக்குப் போனார், தெருவில் கிடந்தவர்களைத் தூக்கிவந்து கழுவினார், 1997இல் இறக்கும்வரை.